மேற்படி கயல்விழி இப்போது யாரையும் அடிப்பதில்லை

என் பாசத்துக்குரிய அப்பா, கூமாப்பட்டி ஏட்டையா அவர்களுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாட்டி" என்பீர்கள். உங்கள் பேத்தி கயலுக்கு டி.சி. கிடையாது. நாலாம் வகுப்பும் அதே பள்ளிக்கூடத்தில்தான். முழுப் பரீட்சை முடிந்த அன்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஜெயித்துவிட்டோம் அப்பா!

நீங்கள் போன ஆடிக்குப் பிறகு வருகிற முதல் சித்திரை இது. இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது ஜெசிந்தா டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூர் சனிக்கிழமைக் கூட்டத்தில் சுவரில் ஒட்டப் போகிறார்களாம், புதிதாக வரும் பெற்றோர் படிப்பதற்கு. அதனால் உங்கள் மானமும் என் மானமும் கொஞ்சம் கப்பலேறும். பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும் என்று என்னிடம் சொன்னவர் நீங்கள்தானே?

அந்தத் தண்ணீர் பாட்டில் விவகாரம் மறந்திருக்காது. கயல் இரண்டாம் வகுப்பு. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். பென்சில் சீவியைத் தரவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர்ஷினியின் நெற்றியில் எவர்சில்வர் பாட்டிலால் ஒரு போடு போட்டுவிட்டாள். இரண்டு தையல். அதற்கு முன்பே ஒரு பையன் காதைக் கடித்திருந்தாள், ஒருத்தியைச் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியிருந்தாள். தர்ஷினியின் அம்மா கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். தலைமையாசிரியை அறையில் அவர் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எல்லாமே புரிந்தது.

"மூணாம் வகுப்பு முடியிறவரைக்கும் பார்ப்பேன்" என்றார் தலைமையாசிரியை. "நடுவுல இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும் டி.சி.யைக் கையில கொடுத்திருவேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஜெசிந்தான்னு ஒருத்தங்க இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கும் பெத்தவங்களுக்கும் சனிக்கிழமை கூட்டம் நடத்துறாங்க. போய்ப் பாருங்க."

மில்லில் அரை நாள் சம்பளம் போய், அவமானமும் சேர்ந்து, வீட்டுக்கு வந்தவுடன் தோசைக்கரண்டியை எடுத்தேன். "அடிக்கக் கூடாதுன்னு, எத்தன தடவ, சொல்லிருக்கேன்" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி. அடிக்கக் கூடாது என்பதை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த அறிவாளி உங்கள் மகள்.

அவள் உங்களிடம் ஓடினாள். நீங்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம் விசாரணையைத் தொடங்கினீர்கள்.

"தையல் எத்தன?"

"ரெண்டு."

"நம்ம பிள்ளைக்கு எங்கயும் அடியா?"

"இல்ல."

"அப்பம் சரி. ஏட்டையா பேத்தின்னா சும்மாவா?"

அப்புறம் பிரிட்ஜைத் திறந்து பால்கோவாவை எடுத்தீர்கள். யு.கே.ஜி.யில் அவள் முதல் முதலாக ஒரு பையன் மூக்கில் குத்திவிட்டு வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். அடித்துவிட்டு வந்தால் ஒரு கரண்டி பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏதாவது சாக்கு வைத்துப் போய் வாங்கிவந்து, அதற்கென்றே வைத்திருப்பீர்கள். பட்டாளமும் போலீசுமாக இருக்கிற குடும்பம், பிள்ளை கோழையாக வளர்ந்துவிடக் கூடாது என்று உங்களுக்கு ஒரு கவலை. ஒரே அடிக்கு அம்மாவிடம் உதை, தாத்தாவிடம் இனிப்பு. அந்தப் பிள்ளை இரண்டில் எதை எடுத்துக்கொள்ளும்?

எனக்கு டி.சி. கூடப் பெரிய பயம் இல்லை அப்பா. ராஜபாளையத்தில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? நான் பயந்தது சேகரை நினைத்து. என் தம்பியும் இதே வயதில் இப்படித்தான் இருந்தான். சின்ன வயதில் அவன் அடித்ததெல்லாம் நமக்குப் பெருமை. பெரியவன் ஆன பிறகு அதே அடிக்கு உங்கள் பெல்ட். பிறகு சூப்பர்வைசரை அடித்து வேலை போயிற்று, பெண்டாட்டி மேல் கை நீட்டியதில் அவள் தாய் வீட்டுக்குப் போனாள், இப்போது திருப்பூரில் ஒற்றையாளாக இருக்கிறான். நல்லது கெட்டதுக்குக்கூட வருவதில்லை. கயல் பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்கும்போது எனக்குத் தெரிந்தது அவன் முகம். அதைத்தான் உங்களிடம் ஒரு நாளும் சொல்ல முடியவில்லை.

வீட்டில் பிள்ளையோடு இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று ஜெசிந்தா டீச்சர் சொல்லிவிட்டார். உங்கள் மருமகன் பட்டாளத்தில். அப்புறம் யார்? "பிள்ள வளக்கதுக்கு ஒரு வகுப்பா? நாங்கள்லாம் வகுப்புக்குப் போயா ஒங்கள வளத்தோம்?" என்று ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். வளர்த்த லட்சணத்தைத்தான் பார்க்கிறோமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு, டீச்சரையே சந்தேகக் கேஸ் மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். டீச்சர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு வாரம் பிள்ளையத் திருத்த வேண்டாம். எழுத மட்டும் செய்யுங்க. அவ அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவ என்ன செஞ்சா, பொறவு என்ன நடந்துச்சு. அம்புட்டுதான்" என்றார். அதைக் கேட்டதும்தான் உங்கள் கை அவிழ்ந்தது. "எழுதணுமா? அத முப்பது வருசம் செஞ்சிருக்கேன்மா!"

அந்த நோட்டு இப்போது கூட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "மாலை நான்கு இருபது மணியளவில் மேற்படி கயல்விழி, வயது ஏழு, பள்ளியிலிருந்து வந்து, ஒன்றும் சாப்பிடாத நிலையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மேற்படியாரின் தாயார் முன்னறிவிப்பு ஏதுமின்றி அதை அணைத்தார். மேற்படியார் ரிமோட்டால் தாயாரின் முழங்கையில் தாக்கினார். தாயார் மேற்படியாரின் முதுகில் இரண்டு முறை திருப்பித் தாக்கினார்." காவல் நிலையத்தில் எழுதியது போலவே, ஆள் பார்க்காமல் எழுதினீர்கள். மகள் என்று எனக்கு ஒரு சலுகையும் கிடையாது. படித்துவிட்டு இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை, நினைவிருக்கிறதா?

இரண்டாவது வாரம்தான் விஷயம். நீங்கள் எழுந்து நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தீர்கள். நடுவில் ஒரு இடத்தில் வரியின் மேல் விரலை வைத்தீர்கள். பிறகு மெதுவாக வாசித்தீர்கள்: "சம்பவத்துக்குப் பின் தாத்தா என்பவர் சிரித்தார். மேற்படியாருக்குப் பால்கோவா வழங்கப்பட்டது." பக்கத்தைத் திருப்பினீர்கள். அடுத்த சம்பவத்திலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி. உங்கள் கையெழுத்திலேயே ஐந்து இடத்தில் இருந்தது.

நோட்டை மூடிவிட்டு, "டீச்சர், இந்தக் கேசுல ரெண்டாவது எதிரி நாந்தான்" என்றீர்கள். போலீஸ்காரர் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.

டீச்சர் கேட்டார், "அப்போ முதல் எதிரி யாரு ஏட்டையா?"

"இந்தா இருக்காளே, எம் மக."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீச்சர் விடவில்லை. "அப்போ பிள்ளை?"

நீங்கள் சிரிக்கவில்லை. "பிள்ள சாட்சிதாம்மா" என்றீர்கள்.

அப்பா, உங்கள் காக்கிச்சட்டையைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில், அறுபத்தெட்டு வயதில், இருபது பேர் முன்னால் உங்கள் பெயரை நீங்களே எழுதிக்கொண்டீர்களே, அன்றைக்குப் பட்ட பெருமை வேறு. அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டே வந்தோம், சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பிறகு தொடங்கியதுதான் நிஜமான வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் முதலில் வயிற்றுக்கு ஏதாவது. டிவியை அணைக்கப் போவதை ஐந்து நிமிஷத்துக்கு முன்பே சொல்லிவிடவேண்டும். அவள் நன்றாகச் செய்ததை அப்போதே, இன்னது என்று பெயர் சொல்லிப் பாராட்டவேண்டும். அடித்தால் கத்தக் கூடாது, திருப்பி அடிக்கக் கூடாது. அடுப்படி மூலையில் ஸ்டூலில் மூன்று நிமிஷம் உட்காரவேண்டும், நமக்கு ஆத்திரம் எவ்வளவு வந்தாலும் குரல் உயரக் கூடாது. முதல் வாரம் அவள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு ஆச்சி வந்து, "பிள்ளைய என்னத்தச் செய்யிதீய?" என்று கேட்டார்கள். ஓடிப்போய்த் தூக்கிவிடுவோமோ என்று பயந்து நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கும் அழுகை. தோசைக்கரண்டியைப் பரணில் தூக்கிப் போட்டது அந்த வாரம்தான்.

பால்கோவாவை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னபோது நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பேத்திக்கு வாங்கிக் கொடுக்கத்தான் செய்வேன். அடிச்சதுக்குக் கொடுக்க மாட்டேன், அம்புட்டுதான" என்றீர்கள். டீச்சரும் அதுதான் சரி என்றார்.

தினமும் பத்து நிமிஷ விளையாட்டுதான் உங்களுக்குப் பெரிய கண்டம். அவள் சொல்கிறபடி விளையாடவேண்டும், நாம் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. விசாரித்தே பழகிய மனுஷருக்கு அது முடிகிற காரியமா? "இது யாரு? எங்க போறான்? எதுக்குப் போறான்?" என்று சொப்புப் பொம்மையிடமே வாக்குமூலம் வாங்குவீர்கள். கயல் உங்கள் வாயைப் பொத்தி, "தாத்தா, கேள்வி கேக்கக் கூடாது, நீங்க திருடன்" என்று கட்டிலுக்கு அடியில் அடைத்துவிடுவாள். மூட்டு வலியோடு பத்து நிமிஷமும் அங்கேயே கிடப்பீர்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னோடும் சேகரோடும் ஒரு நாளாவது நீங்கள் அப்படி விளையாடியிருக்கிறீர்களா?

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் வந்தது. வீட்டில் தினமும் அடித்தவள் வாரத்தில் மூன்று நாள், இரண்டு நாள் என்று ஆனாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் ஒரு விடிகாலையில், தண்ணீர் கேட்டுவிட்டு, நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டீர்கள்.

உங்களை எடுத்துக்கொண்டு போகும்போது கயலைப் பக்கத்திலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். அவர்கள் கையை ரத்தம் வரக் கடித்தாள். "பாரு, இந்த நேரத்துலயும் இந்தப் பிள்ளைக்கு எம்புட்டுக் கொழுப்பு" என்று கூட்டத்தில் ஒரு குரல். எல்லாம் போச்சு, மறுபடி முதலில் இருந்தா என்றுதான் நினைத்தேன். துக்கம் கேட்க வந்த ஜெசிந்தா டீச்சரிடம் அதைத்தான் சொல்லி அழுதேன். உங்களுக்காக அழுததைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன், மன்னித்துவிடுங்கள். "அவளுக்கு அழத் தெரியல, அதான் கடிச்சா. இப்ப நீங்க அழுததப் பார்த்துட்டா. இனிமே அழுவா" என்றார் டீச்சர். அவள் என் மடியில் வந்து விழுந்து அழுதாள்.

பதினாறு முடிந்ததும் நோட்டை நான் எடுத்தேன். உங்கள் மாதிரி எனக்கு வராது. "கயல் இன்று தட்டை எறிந்தாள்" என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி இல்லம்மா. தாத்தா மாதிரி எழுது. நான் சொல்லுதேன்" என்று அவளே சொல்லத் தொடங்கினாள்: "மேற்படி அம்மா மில்லிலிருந்து வந்து, மேற்படி கயல்விழி சொல்லவந்ததைக் கேட்காமல் கத்தினார்." நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். உண்மைதான். கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பேர் பெயரும் நோட்டில் ஏறும்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரும் கைகொடுத்தார். கோபம் வந்தால் கயல் யாரையும் கேட்காமல் பெஞ்சை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு. முதலில் பாதி நாள் அங்கேதான் நின்றாளாம். தீபாவளிக்குப் பிறகு குறைந்தது. தர்ஷினியிடம் தானாகப் போய் ஒரு புதுச் சீவியைக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை வாங்கவில்லை. மறுநாளும் போனாள். நாலாவது நாள் வாங்கிக்கொண்டதாம்.

சேகருக்கும் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். "அக்கா, எனக்கு இதெல்லாம் அப்பம் யாரும் சொல்லித் தரலையே" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

முழுப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு, மில்லில் இருக்கும்போது வகுப்பு டீச்சரின் போன். மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, வெளியே ஓடினேன். வரிசையில் ஒரு பையன் கயலைத் தள்ளிவிட்டிருக்கிறான். கன்னம் தரையில் உரசி ரத்தம். வகுப்பே ஒதுங்கி நின்று, இவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்திருக்கிறது. இவள் எழுந்தாள். கையை முறுக்கினாள். அப்படியே திரும்பி நடந்துபோய், "டீச்சர், எனக்கு அவன அடிக்கணும்போல இருக்கு. செத்த நேரம் ஒங்க பக்கத்துல நின்னுக்கிடுதேன்" என்றிருக்கிறாள்.

மில் வாசலில், வாட்ச்மேன் பார்க்கப் பார்க்க, நான் குலவை போட்டுவிட்டேன் அப்பா. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பரீட்சை முடிந்த அன்று தலைமையாசிரியை இன்னொன்றும் சொன்னார்கள். தர்ஷினியின் அம்மா வந்து கேட்டாராம், அடுத்த வருஷம் தன் மகளைக் கயல் பக்கத்திலேயே உட்காரவைக்கச் சொல்லி. தையல் போட்ட பிள்ளையின் அம்மா! இதைவிட ஒரு தீர்ப்பு வேண்டுமா?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கடைசியாக ஒன்றைச் சொல்லத்தான். அந்தப் பையன் தள்ளிவிட்ட அன்று, பெர்மிஷன் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினேன். கொண்டாடவேண்டும் என்று காத்திருந்தேன். ஆட்டோ வந்தது. இறங்கினாள். வாசலுக்கு வந்தவள் படியில் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றாள். கன்னத்தில் மருந்து. பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, என்ன நிக்கே? உள்ள வா."

"அம்மா, நான் அடி வாங்கிட்டு வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "அடி வாங்கிட்டு வாரவுகளுக்கு இந்த வீட்ல எடமில்ல" என்று என்றைக்கோ விளையாட்டாக அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவள் அதை நம்பியிருக்கிறாள். நம்பிக்கொண்டேதான், வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டேதான், அந்தப் பையனை அடிக்காமல் வந்திருக்கிறாள்.

சேகரிடமும் அதையே சொன்னீர்கள் அப்பா. விளையாட்டாக இல்லை. ஆறாம் வகுப்பில் அவன் உதடு கிழிந்து வந்தபோது, பொழுது சாயும்வரை கூமாப்பட்டி வீட்டு வாசலில் நிறுத்திவைத்தீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவன் அடித்துவிட்டு வந்தான், நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவன் அடிப்பதை நிறுத்தவே இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. உங்களை நினைக்காத நாளும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

படியில் இறங்கிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பு கொள்ளவில்லை. அப்படியே உள்ளே கொண்டுவந்தேன்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடித்துவிட்டு வந்தாலும் அடி வாங்கிவிட்டு வந்தாலும், இந்த வீட்டுப் பிள்ளை இனிமேல் வாசலில் நிற்காது. நாளைக் காலையில் திருப்பூர் பஸ் ஏறுகிறேன். சேகரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன்.

இப்படிக்கு,
சேகரின் அக்கா, கயலின் அம்மா,
உங்கள் மூத்த பிள்ளை செல்வி